லாங்ரீச்: ரயில் நின்ற ஊரில் விமானம் கிளம்பிய கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலில் கங்காரு படம் போட்ட குவாண்டாஸ் விமானத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த நிறுவனம் எங்கே வளர்ந்தது என்று கேட்டால் பெரும்பாலும் சிட்னி, மெல்பர்ன் என்றுதான் பதில் வரும். நடந்தது வேறு. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் உள்ளே, கடற்கரையிலிருந்து ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, செம்மறியாட்டை நம்பி வாழ்ந்த ஒரு சின்ன ஊரில்தான் அது காலூன்றியது. ஊரின் பெயர் லாங்ரீச். அந்த ஊர் விமானத் திடலைப் பற்றியும், அதோடு சேர்ந்து வளர்ந்த ஆஸ்திரேலிய விமானப் போக்குவரத்தைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

லாங்ரீச் எப்படிப்பட்ட ஊர்?

இன்றைக்கும் மூவாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம். மகர ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வெயில் கடுமை. தாம்சன் ஆறு அங்கே வளையாமல் நெடுந்தூரம் நீண்டு தேங்கி நிற்கும். ஆங்கிலத்தில் அந்த நீளத்தைச் சொல்லும் சொல்லே ஊர்ப் பெயராகிவிட்டது. வெள்ளையர் ஆட்டு மந்தைகளோடு வருவதற்கு முன்னால் அது இனிங்காய் மக்களின் நிலம்.

ஒரு வேடிக்கை: ஊரின் தெருக்களுக்கெல்லாம் பறவைகளின் பெயர். கடைத்தெரு கழுகுத் தெரு, அதை வெட்டிக்கொண்டு போவது வாத்துத் தெரு. விமானம் வருவதற்கு வெகு காலம் முன்பே வைத்த பெயர்கள் இவை. ஏதோ ஜோசியம் பார்த்து வைத்ததுபோல இருக்கிறது, ஆனால் தற்செயல்தான்.

இவ்வளவு பெரிய நாட்டில், போயும் போயும் அந்த ஊர் ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் வானத்தில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. குவீன்ஸ்லாந்தில் ரயில் பாதைகளைக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து உள்நாட்டை நோக்கித் தனித்தனியாகப் போட்டார்கள். பிரிஸ்பேனிலிருந்து கிளம்பிய பாதை சார்லவில் பக்கம் போனது. ராக்ஹாம்ப்டனிலிருந்து கிளம்பியது 1892-இல் லாங்ரீச்சைத் தொட்டு நின்றது. டவுன்ஸ்வில்லிலிருந்து கிளம்பியது குளோன்கரி பக்கம் போனது. கை விரல்களை விரித்து வைத்துப் பாருங்கள், அதுதான் வரைபடம். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடாது.

ஆக, லாங்ரீச்சிலிருந்து குளோன்கரிக்குப் போக வேண்டிய ஒருவர் ரயிலை நம்பினால், முதலில் கிழக்கே ராக்ஹாம்ப்டன் வரை திரும்பி வர வேண்டும். அங்கிருந்து வடக்கே டவுன்ஸ்வில் வரை கடற்கரை ரயில் முழுதாக இணைந்ததே 1923 கடைசியில்தான். அதுவரை கப்பல். அப்புறம் டவுன்ஸ்வில்லிலிருந்து மறுபடி மேற்கே ரயில். நேர்க்கோட்டில் ஐந்நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு இத்தனை சுற்று.

சரி, நேராகக் காரில் போகலாமே என்றால், அந்த நிலம் கரிசல். காய்ந்திருக்கும்போது வெடிப்பு விட்டுக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. கரிசல் காட்டில் மழைக்காலத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆறுகளும் அப்படித்தான்: பாலம் கிடையாது, வருடத்தில் பாதி நாள் மணல், மழை வந்தால் பல மைல் அகலத்துக்கு வெள்ளம்.

அந்த விரல் நுனிகளைக் குறுக்கே தைக்கிற நூலாகத்தான் விமானம் வந்தது. மூன்று நுனிகளில் நடுவில் இருந்தது லாங்ரீச். பறக்கும் ஆசை, வீரம், சாகசம் என்று இந்தக் கதையைச் சொல்லுபவர்கள் இந்த ரயில் விஷயத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் அதுதான் கதையே.

குவாண்டாஸைத் தொடங்கியவர்கள் யார்?

நான்கு பேரைச் சொல்வார்கள். பால் மெக்கின்னஸ், ஹட்சன் ஃபிஷ் இருவரும் முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் பறக்கும் படையின் முதலாம் ஸ்குவாட்ரனில் பாலஸ்தீனத்தில் பணியாற்றியவர்கள். மெக்கின்னஸ் ஓட்டுவார், ஃபிஷ் பின்னிருக்கையில் துப்பாக்கியோடு உட்காருவார். மூன்றாமவர் ஆர்தர் பெயர்ட், அதே படையின் மெக்கானிக். நான்காமவர் ஃபெர்கஸ் மெக்மாஸ்டர். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாது, ஆட்டுப் பண்ணைக்காரர். ஆனால் பணம் வைத்திருந்த மற்ற பண்ணைக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள். புதுத் தொழில் தொடங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த நான்காமவர் எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

மெக்மாஸ்டர் உள்ளே வந்த விதம் சுவையானது. 1920-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளோன்கரியில் ஆற்று மணலைக் கடக்கும்போது அவருடைய காரின் அச்சு முறிந்துவிட்டது. ஊருக்குள் நடந்து வந்தவர் கண்ணில் பட்டவர் மெக்கின்னஸ். அவர் அன்றைக்கு நண்பர்களோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத மனிதரின் காரைச் சரிசெய்யக் கிளம்பிவிட்டார். சில மாதம் கழித்து, விமானக் கம்பெனி யோசனையைத் தூக்கிக்கொண்டு அதே மெக்கின்னஸ் பிரிஸ்பேனில் மெக்மாஸ்டரைத் தேடிப் போனபோது, கதவு ஏற்கெனவே பாதி திறந்திருந்தது. பாதை இல்லாத ஊரில் அச்சு முறிந்து நின்ற மனிதரிடம் விமானம் எதற்கு என்று விளக்க வேண்டியிருந்திருக்காது.

போர் முடிந்ததும் அந்த இருவரும் அந்தப் பக்கம் ஏன் போனார்கள்?

1919-இல் ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசு அறிவித்தது: இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாளுக்குள் முதலில் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுண்டு. மெக்கின்னஸும் ஃபிஷும் கலந்துகொள்ளத் தயாராக இருந்தார்கள். பணம் தருவதாகச் சொன்ன செல்வந்தர் சர் சாமுவேல் மெக்காகி இறந்துபோனார். திட்டமும் போயிற்று.

போட்டியில் பறக்க முடியாதவர்களுக்கு வேறொரு வேலை கிடைத்தது. போட்டி விமானங்கள் டார்வினில் இறங்கி, பிறகு நாட்டுக்குள் வர வேண்டுமே, அதற்கு இறங்குமிடங்களைப் பார்த்து வைக்க வேண்டும். 1919 ஆகஸ்ட் 18 அன்று லாங்ரீச்சிலிருந்து ஒரு ஃபோர்டு மாடல் டி காரில் கிளம்பினார்கள். வடக்கே கேத்தரின் வரை ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். அந்தப் பாதையில் அதற்கு முன் கார் போனதில்லை. போய்ச் சேர 51 நாள். ஒரு நாளைக்குச் சராசரி நாற்பது சொச்சம் கிலோமீட்டர், கிட்டத்தட்ட சைக்கிள் வேகம்கூட இல்லை. மணலில் புதைந்து, தள்ளி, இழுத்துப் போன அந்தப் பயணத்தில்தான் 'இங்கே தரையில் சக்கரம் உருட்டுவது வீண்' என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

போட்டியில் யார் ஜெயித்தார்கள்?

ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள், பென்னெட், ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளோடு. 1919 டிசம்பர் 10 அன்று அவர்களுடைய விக்கர்ஸ் விமி டார்வினில் இறங்கியது. இறங்கிய திடலைத் தயார் செய்து வைத்தது நம் ஹட்சன் ஃபிஷ். ராஸ் ஸ்மித்தும் அதே முதலாம் ஸ்குவாட்ரன்காரர்தான்.

டார்வினுக்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. இங்கிலாந்திலிருந்து டார்வின் வரை ஒரு மாதத்துக்குள் வந்த விமானம், சார்லவில் வந்ததும் இஞ்சின் கோளாறில் படுத்துவிட்டது. இஞ்சினைப் பழுதுபார்த்தது எங்கே? பிரிஸ்பேனுக்குப் பக்கத்தில் இப்ஸ்விச் ரயில்வே பட்டறையில். அதுவரை சார்லவில்லில் சுமார் ஏழு வாரம் காத்துக்கிடந்தார்கள். உலகத்தைப் பாதி சுற்றி வந்த விமானத்தைக் கடைசியில் காப்பாற்றியது ரயில்வே மெக்கானிக்குகள்.

குவாண்டாஸ் என்ற பெயருக்கு என்ன பொருள்?

குவீன்ஸ்லாந்து அண்ட் நார்தர்ன் டெரிட்டரி ஏரியல் சர்வீசஸ். முதலெழுத்துகளைச் சேர்த்தால் குவாண்டாஸ். ஒரு மாநிலமும் ஒரு பிரதேசமும்தான் பெயரில் இருக்கின்றன, ஆஸ்திரேலியா இல்லை. தேசிய நிறுவனமாக வேண்டும் என்ற கனவெல்லாம் அப்போது இல்லை; சுற்றுவட்டார வண்டிக் கம்பெனி மாதிரிதான் நினைத்திருந்தார்கள்.

பிறந்த ஊர் வின்டனா, லாங்ரீச்சா?

இந்த இரண்டு ஊர்க்காரர்களிடமும் ஒரே நேரத்தில் இதைக் கேட்டுவிடாதீர்கள். லாங்ரீச்சுக்கு வடமேற்கே 180 கிலோமீட்டரில் இருக்கிறது வின்டன். நிறுவனம் பதிவானது 1920 நவம்பர் 16 அன்று. இயக்குநர் குழு முதலில் கூடியது 1921 பிப்ரவரி 10 அன்று, வின்டன் கிளப்பில். ஆகவே பிறப்புச் சான்றிதழில் வின்டன் பெயர் இருப்பது நியாயம். அதே 1921-இல் தலைமையகம் லாங்ரீச்சுக்கு வந்துவிட்டது. விமானக் கொட்டகை, பட்டறை, அஞ்சல் சேவை, விமானம் கட்டும் வேலை எல்லாம் லாங்ரீச்சில்தான். பெற்ற தாய் வின்டன், வளர்த்த தாய் லாங்ரீச் என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லை.

முதலில் எத்தனை விமானம் இருந்தது?

இரண்டு. ஒன்று ஆவ்ரோ 504கே, இன்னொன்று பி.இ.2இ. இரண்டுமே போர்க்காலத்து வடிவமைப்பு: மரச்சட்டம், மேலே துணி, திறந்த இருக்கை. செலுத்திய முதலீடு மொத்தம் ஆறாயிரம் பவுண்டு சொச்சம்தான். முதல் ஒன்றரை வருடம் வழித்தட சேவை எதுவும் கிடையாது. ஊர் ஊராகப் போய், திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதுபோல ஆட்களை ஏற்றிப் பத்து நிமிடம் வானத்தைக் காட்டிக் காசு வாங்கினார்கள். அவசரமாகப் போக வேண்டிய பண்ணைக்காரர் கூப்பிட்டால் வாடகைக்கும் போவார்கள். அந்த வருமானத்தில் கம்பெனி நிலைக்காது என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. தேவைப்பட்டது அரசின் தபால் ஒப்பந்தம்.

அரசு உடனே கொடுத்துவிட்டதா?

அரசும் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது. 1920 டிசம்பரில் விமானப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. அடுத்த வருடம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் சிவில் விமானப் பிரிவு வந்தது. தலைவர் ஹொரஸ் பிரின்ஸ்மெட். விமானி உரிமம், விமானப் பதிவு எண் எல்லாம் அதற்குப் பிறகுதான். 1921 மார்ச் 31-இல் விமானப் படையும் தனிப்படையானது.

மானியம் கொடுக்கும்போது அரசின் மனதில் ஒரு கணக்கு இருந்தது. ரயில்கள் மாநில அரசுகளுக்குச் சொந்தம், கடனில் ஓடுபவை. அவற்றோடு போட்டி போடும் வழித்தடத்துக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொடுத்தால் கூச்சல் வரும். சார்லவில்–லாங்ரீச்–குளோன்கரி வழித்தடத்தில் அந்தச் சிக்கலே இல்லை. ரயில் நுனியிலிருந்து ரயில் நுனிக்குப் போகிறது, ரயிலுக்கு ஆள் சேர்த்தும் கொடுக்கிறது. 1922-இல் ஆண்டுக்கு 12,000 பவுண்டு மானியத்தோடு ஒப்பந்தம் குவாண்டாஸுக்குக் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் முதல் வழக்கமான விமான சேவை குவாண்டாஸுடையதா?

இல்லை. இது அடிக்கடி தவறாகச் சொல்லப்படுகிறது. நார்மன் பிரியர்லி நடத்திய வெஸ்டர்ன் ஆஸ்திரேலியன் ஏர்வேஸ் ஏறக்குறைய ஒரு வருடம் முந்திக்கொண்டது: 1921 டிசம்பர் 5, ஜெரால்டனிலிருந்து டெர்பி வரை. அங்கேயும் அதே கதைதான். ஜெரால்டனிலிருந்து டெர்பிக்கு ரயில் தொடர்பு கிடையாது. ஆனால் முதல் நாளே ஒரு விமானம் மர்ச்சிசன் ஹவுஸ் பண்ணையருகே விழுந்து, விமானி பாப் ஃபாசெட்டும் மெக்கானிக் எட்வர்ட் பிராடும் இறந்தார்கள். பின்னாளில் பசிபிக் கடலைத் தாண்டிப் பெயர் பெற்ற சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் அப்போது அந்த நிறுவனத்தின் சம்பள விமானி.

தபாலை மட்டும் பார்த்தால் இன்னும் பின்னால் போகலாம். 1914 ஜூலையில் பிரெஞ்சு விமானி மோரிஸ் கியோ மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு அஞ்சலட்டைகளைக் கொண்டுபோனார். ஆனால் அது ஒருமுறை நடந்த வேடிக்கை, சேவை அல்ல.

1922 நவம்பரில் என்ன நடந்தது?

நவம்பர் 2 அன்று விடியற்காலையில் மெக்கின்னஸ் சார்லவில்லிலிருந்து ஓர் ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் எஃப்.கே.8 விமானத்தில் 108 கடிதங்களோடு கிளம்பினார். டாம்போ, பிளாக்கால் வழியாக லாங்ரீச். அன்றிரவு அங்கேயே தங்கல். கொட்டகை அந்த ஆண்டுதான் கட்டி முடிந்திருந்தது: மரமும் இரும்பும் சட்டம், சுற்றிலும் தகரம்.

மறுநாள் காலை அடுத்த பாதியை ஓட்ட வேண்டியவர் ஃபிஷ். பயணி அலெக்சாண்டர் கென்னடி, வயது 84. குவாண்டாஸின் முதல் பயணச்சீட்டு தனக்கே வேண்டும் என்று கேட்டு, அந்த உறுதியின் பேரில் பங்குப் பணம் போட்டவர். இளவயதில் மாட்டு வண்டியோடு அந்தப் பக்கம் குடியேறப் போனபோது இதே வழி அவருக்கு எட்டு மாதம் பிடித்தது.

விடியும் முன்னரே தோல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிப் பெரியவரை மேலே ஏற்றிவிட்டார்கள். இஞ்சினை முடுக்கினால் போதிய வேகம் வரவில்லை. திடலில் ஓடிப் பார்த்தார்கள், எழும்பவில்லை. திரும்பி வந்து மறுபடி ஓடினார்கள். கடைசியில் கொட்டகையிலிருந்து மாற்று விமானத்தை வெளியே தள்ளி, தபால் மூட்டையையும் பெரியவரையும் அதற்கு மாற்றி, அதில்தான் கிளம்பினார்கள். எட்டு மாத வழியை அன்றைக்கே முடித்துக் குளோன்கரியில் இறங்கினார் கென்னடி. திடலில் ஓடி ஓடித் திரும்பிய அந்த நேரத்தில் 'வேண்டாமப்பா, நான் இறங்கிக்கொள்கிறேன்' என்று அவர் சொல்லியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

விடியற்காலையிலேயே ஏன் கிளம்பினார்கள்?

வெயில்தான் காரணம். காற்று சூடானால் லேசாகிவிடும். இறக்கைக்குத் தாங்கிப் பிடிக்கக் காற்று போதாது, புரொப்பெல்லருக்கு இழுக்கக் காற்று போதாது, இஞ்சினுக்கு உள்ளே போகும் காற்றும் குறைவு. மூன்று பக்கமும் அடி. அதோடு நண்பகலில் தரையிலிருந்து கிளம்பும் அனல், விமானத்தைப் படகுபோலத் தூக்கித் தூக்கிப் போடும். திறந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் வயிறு என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் வரைபடம் போட்டவர்களுக்கு இது புரிய நாளானது. குவாண்டாஸ் முதலில் வாங்க நினைத்தது விக்கர்ஸ் வல்கன் என்ற பெரிய விமானம். ஒரே இஞ்சினில் எட்டுப் பேர்வரை ஏற்றும். வயிறு பருத்த அதன் உருவத்தைப் பார்த்து 'பறக்கும் பன்றி' என்று பட்டப்பெயர் வேறு. குவீன்ஸ்லாந்து வெயிலில் சோதித்தபோது, ஒப்பந்தத்தில் சொன்ன உயரத்துக்குச் சுமையோடு அதனால் ஏற முடியவில்லை. வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். கையில் காசில்லாத சின்னக் கம்பெனி, பெரிய இங்கிலாந்துத் தொழிற்சாலையைப் பார்த்து 'இது ஆகாது' என்று சொன்னதை நான் அவர்களுடைய மிகத் துணிச்சலான முடிவாக நினைக்கிறேன்.

லாங்ரீச்சில் விமானம் கட்டினார்களா? உண்மையா?

உண்மை. டி ஹாவிலாண்ட் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, 1926 முதல் 1929 வரை ஏழு டி.எச்.50 விமானங்களை அந்தக் கொட்டகையில் கட்டினார்கள். பொறுப்பு ஆர்தர் பெயர்ட். உடைந்ததை ஒட்டி ஒட்டி ஓட்டிய அனுபவம்தான் அவர்களைக் கட்டுமளவுக்குக் கொண்டுவந்தது. எந்த உதிரிப்பாகத்துக்கும் கப்பலை எதிர்பார்த்து மாதக்கணக்கில் உட்கார முடியாதே.

டி.எச்.50 பயணிகளுக்கு ஒரு பெரிய மாற்றம். நான்கு பேர் மூடிய அறைக்குள் உட்காரலாம், தோல் தொப்பி தேவையில்லை. விமானி மட்டும் பின்னால் திறந்தவெளியில், காற்றிலும் மழையிலும்.

பறக்கும் மருத்துவர் சேவைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, உள்நாட்டுப் பண்ணைகளுக்கு விமானத்தில் மருத்துவர். 1928 மே மாதம் குளோன்கரியில் அது தொடங்கியது. விமானமும் விமானியும் குவாண்டாஸ் கொடுத்தது, மைலுக்கு இரண்டு ஷில்லிங் கணக்கில். விமானம் ஒரு டி.எச்.50, பெயர் விக்டரி. விமானி ஆர்தர் அஃப்ளெக், மருத்துவர் கென்யன் வெல்ச். மே 17 அன்று ஜூலியா கிரீக்குக்கு முதல் பறப்பு. முதல் ஆண்டில் 50 பறப்புகள், 225 நோயாளிகள். விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழே ஓடும் ஆற்றையும் வேலியையும் தந்திக் கம்பத்தையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள்.

விபத்துகளே நடக்கவில்லையா?

நடந்தன. 1927 மார்ச் 24 அன்று டாம்போவில் இறங்கும்போது ஒரு டி.எச்.9 விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். குவாண்டாஸில் உயிர் போன முதல் விபத்து அது. லாங்ரீச்சையே உலுக்கியது 1934 நவம்பர் 15. வெளிநாட்டு சேவைக்காக வாங்கிய புத்தம்புது நான்கு இஞ்சின் டி.எச்.86, இங்கிலாந்திலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து, பிரிஸ்பேனுக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட இல்லாத நேரத்தில், லாங்ரீச்சுக்குப் பக்கத்தில் விழுந்தது. நான்கு பேரும் இறந்தார்கள். அந்த ரக விமானங்களையே சிறிது காலம் நிறுத்தி வைத்தார்கள். அதனால் டிசம்பர் 10 அன்று பிரிஸ்பேன்–சிங்கப்பூர் அஞ்சல் சேவை தொடங்கியபோது, பழைய ஒற்றை இஞ்சின் விமானங்கள்தான் கிளம்பின.

பிறகு ஏன் லாங்ரீச்சை விட்டுப் போனார்கள்?

1929-இல் பிரிஸ்பேன்–சார்லவில் சேவை தொடங்கியது. ரயிலுக்குத் துணையாக வந்த விமானம், முதல்முறையாக ரயிலுக்குப் பக்கத்திலேயே ஓட ஆரம்பித்தது. அப்போதே லாங்ரீச்சின் இடம் ஆட்டம் கண்டுவிட்டது. 1930-இல் தலைமையகம் பிரிஸ்பேனுக்குப் போனது. 1934-இல் இங்கிலாந்தின் இம்பீரியல் ஏர்வேஸோடு சேர்ந்து குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸ் ஆனது. சிங்கப்பூர் விமானங்கள் சில வருடம் லாங்ரீச்சில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போயின. 1938-இல் நீரில் இறங்கும் பெரிய விமானங்கள் வந்தன. சிட்னித் துறைமுகத்திலிருந்து கடற்கரையோரமாகவே டார்வினுக்குப் போய்விட்டன. உள்நாட்டு ஊருக்கு அவற்றால் என்ன பயன்?

1949-இல் குவீன்ஸ்லாந்து உள்நாட்டு வழித்தடங்களையும் அரசின் டி.ஏ.ஏ. நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டு சேவைகளிலேயே குவாண்டாஸ் கவனம் செலுத்தியது. 1990-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் குவாண்டாஸோடு இணைந்த பிறகுதான் பழைய பெயர் லாங்ரீச்சுக்குத் திரும்பி வர வழி பிறந்தது.

போரின்போது திடல் சும்மா கிடந்ததா?

1942-இல் சில மாதம் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் அங்கே நிறுத்தப்பட்டிருந்தன. ஜப்பானியருக்கு எட்டாத தூரம் என்பது அப்போது ஒரு வசதி. அந்த வருடம் ஜூனில், பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன் பயணம் செய்த பி-17 ஒன்று வழி தவறி, வின்டன் பக்கத்துப் பண்ணை ஒன்றில் இறங்கியது. வேலியையும் ஆற்றையும் பார்த்து வழி கண்டவர்களின் சீமையில், நான்கு இஞ்சின் விமானம் வழி தவறியது ஒரு தனி நகைச்சுவை.

நம் பக்கத்துக்கு இந்தக் கதையில் இடம் உண்டா?

இரண்டு இடத்தில் உண்டு. லண்டனிலிருந்து வந்த தபால் விமானம் கராச்சி, கல்கத்தா, ரங்கூன் வழியாகச் சிங்கப்பூர் போகும், அங்கிருந்து குவாண்டாஸ். அதே பாதையின் கராச்சியிலிருந்து ஒரு கிளை சென்னைக்கு வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரை புஸ் மாத் என்ற சின்ன விமானத்தை ஓட்டிவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பெல்லாரிக்கு அந்த வழித்தடத்தில் லாங்ரீச்சின் வேலை: நடுவில் ராத்தங்கல். ஒரு வித்தியாசம், டாடாவுக்கு அரசு மானியம் கிடையாது.

இரண்டாவது, இலங்கை. சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு 1943 முதல் 1945 வரை பெர்த்திலிருந்து காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரி வரை, நிற்காமல், நீரில் இறங்கும் கட்டலீனா விமானங்களை குவாண்டாஸ் பறக்கவிட்டது. ஏறக்குறைய 5,600 கிலோமீட்டர், 27 முதல் 33 மணி நேரம், ரேடியோவைத் திறக்கக் கூடாது. வழியில் சூரியன் இரண்டு முறை உதிக்கும். பயணிகள் மூன்று பேருக்கு மேல் கிடையாது. இப்படி 271 முறை கடந்தார்கள்.

தொடங்கியவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?

ஃபிஷ் 1966 வரை நிறுவனத்தோடு இருந்து சர் பட்டமும் பெற்றார். மெக்மாஸ்டர் 1947-இல், அரசு குவாண்டாஸை முழுதாக வாங்கிய வருடத்தில், விலகினார். யோசனைக்கே மூல காரணமான மெக்கின்னஸ், தபால் சேவை தொடங்கிய அதே 1922-இல் வெளியேறி, மேற்கு ஆஸ்திரேலியாவில் விவசாயம் பார்க்கப் போய்விட்டார். 1952-இல் இறந்தார். அட்டவணை போட்டுத் தினமும் ஒரே வழியில் வண்டி ஓட்டுவது அவருக்கு ஒத்துவரவில்லை போலும்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

1922-இல் கட்டிய தகரக் கொட்டகை அதே திடலில் நிற்கிறது. தேசியப் பாரம்பரியப் பட்டியலில் உண்டு. பக்கத்தில் குவாண்டாஸ் நிறுவனர் அருங்காட்சியகம். குவாண்டாஸின் முதல் ஜெட்டான போயிங் 707, கட்டலீனா, டி.சி-3 எல்லாம் இருக்கின்றன. 2002 நவம்பரில் ஒரு பழைய போயிங் 747 பறந்து வந்து இறங்கியது. சின்ன ஊர் ஓடுதளத்தில் இறங்கிய அது அப்புறம் கிளம்பவே இல்லை. அதன் வால் ஊருக்கு வெளியிலிருந்தே தெரியும். கொட்டகை அதன் இறக்கைக்குப் பக்கத்தில் தீப்பெட்டி மாதிரி இருக்கிறது.

எப்படிப் போவது?

பிரிஸ்பேனிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம். நேரம் இருந்தால் ரயிலில் போங்கள். ராக்ஹாம்ப்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு, ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்தப் பயணிகள் ரயிலுக்குக் கடைசி நிறுத்தம் லாங்ரீச்தான். வின்டன் போக வேண்டியவர்கள் அங்கே இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும்.